உள்ளத்தின் அமைதியும் உடலின் உரிமையும்

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

 

எல்லாப் புகழும் அகிலங்களைப் படைத்துப் பரிபாலிக்கும் அல்லாஹ்வுக்கே உரித்தாகட்டும். அவனது இறுதித் தூதர் முஹம்மத் நபி (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் குடும்பத்தார் மீதும், தோழர்கள் மீதும் ஸலவாத்தும் ஸலாமும் உண்டாவதாக.

நமது திருகோணமலை ஒரு காலத்தில் நிதானமாக நடந்த ஊராகும். 2009 ஒக்டோபரில் கிண்ணியாப் பாலம் திறக்கப்படும் வரை, நகருக்கு வருவோர் கரையில் நின்று படகுப் பாதைக்காகக் காத்திருந்தனர். அந்தக் காத்திருப்பு சிரமமானதுதான். ஆயினும் அந்த இடைவேளையில் மனிதன் மூச்சு விட்டான், அயலவனுடன் பேசினான், கடலைப் பார்த்தான். இன்று பாலம் உண்டு, அகன்ற வீதி உண்டு, கையில் தொலைபேசி உண்டு. அல்ஹம்துலில்லாஹ், இவை அனைத்தும் அல்லாஹ்வின் அருட்கொடைகளே. ஆனால் காத்திருக்கும் பொறுமை நம்மிடமிருந்து கழன்று போய்விட்டது. உப்புவெளியின் கடற்கரை ஓரமெங்கும் விடுதிகள் எழுந்துள்ளன. நள்ளிரவிலும் விளக்கு அணைவதில்லை. பிள்ளை பாடசாலையிலிருந்து பிரத்தியேக வகுப்புக்கு ஓடுகின்றான். வாப்பா முச்சக்கர வண்டியிலோ கடையிலோ இரவு வரை உழைக்கின்றார், அல்லது வளைகுடா நாடொன்றிலிருந்து தொலைபேசித் திரையில் மட்டும் முகம் காட்டுகின்றார். உம்மா எல்லோருடைய கவலையையும் தன் தலையில் சுமக்கின்றார். வீட்டில் எல்லோரும் இருக்கின்றார்கள். எவருடைய உள்ளமும் அங்கு இல்லை.

இவ்வாறான வாழ்வில் முதலில் மறக்கப்படுவது உடல்தான். பசித்ததா, களைத்ததா, நெஞ்சு படபடக்கின்றதா, உறக்கம் போதுமா என்று நாம் நம்மையே கேட்பதில்லை. மறக்கப்பட்ட உடல் ஒரு நாள் கோபமாக வெடிக்கின்றது. அல்லது காரணம் புரியாத சோர்வாகப் படுத்து விடுகின்றது. இது குறித்து மார்க்கம் என்ன வழிகாட்டுகின்றது என்பதை ஆராய்வதே இவ்வுரையின் நோக்கமாகும்.

உடல் ஓர் அமானிதம்

நபி (ஸல்) அவர்கள் மதீனாவில் ஸல்மானுல் பாரிஸி (ரழி) அவர்களையும் அபுத்தர்தா (ரழி) அவர்களையும் சகோதரர்களாக இணைத்து வைத்தார்கள். ஒரு நாள் ஸல்மான் (ரழி) தமது சகோதரரின் வீட்டுக்குச் சென்றார்கள். அங்கு அபுத்தர்தாவின் மனைவி எளிய, கவனிப்பற்ற உடையில் இருப்பதைக் கண்டு காரணம் வினவினார்கள். உங்கள் சகோதரருக்கு இவ்வுலகில் எந்தத் தேவையும் இல்லை என்பது அப்பெண்மணியின் பதிலாக இருந்தது. அபுத்தர்தா (ரழி) பகலெல்லாம் நோன்பு, இரவெல்லாம் வணக்கம் என்று வாழ்ந்து வந்தார்கள்.

ஸல்மான் (ரழி) நீண்ட உபதேசம் எதுவும் செய்யவில்லை. உணவு வந்ததும், நீங்கள் உண்ணாமல் நான் உண்ணமாட்டேன் என்று கூறி, நபிலான நோன்பை விடச் செய்தார்கள். இரவில் தொழுகைக்கு எழுந்தவரை உறங்குமாறு கூறினார்கள். மீண்டும் எழுந்தபோதும் அவ்வாறே கூறினார்கள். இரவின் கடைசிப் பகுதி வந்ததும் எழுப்பி, இருவரும் சேர்ந்து தொழுதார்கள். இறைவனுக்கும், தமது ஆன்மாவுக்கும், குடும்பத்தாருக்கும் உரிய உரிமைகளை ஒவ்வொருவருக்கும் வழங்க வேண்டும் என்று அதன் பின்னரே எடுத்துரைத்தார்கள். இச்சம்பவம் நபி (ஸல்) அவர்களிடம் கூறப்பட்டபோது, ஸல்மான் சொன்னது உண்மையே என அன்னார் உறுதிப்படுத்தினார்கள் (புகாரி). இதே போன்று வணக்கத்தில் எல்லை கடந்த அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரழி) அவர்களிடம், உடலுக்கும் கண்ணுக்கும் மனைவிக்கும் உம்மீது உரிமை உண்டு என்று நபி (ஸல்) அவர்கள் உணர்த்தினார்கள்.

சிந்தியுங்கள்! இரவு முழுவதும் அல்லாஹ்வை வணங்கி உடலை வருத்தியவருக்கே இந்தத் திருத்தம் என்றால், இரவு இரண்டு மணி வரை தொலைபேசித் திரையைத் தடவிக் கொண்டிருக்கும் நமது நிலை என்ன? கண்ணின் உரிமையைப் பறித்து எதற்குக் கொடுத்தோம் என்று மறுமையில் கேட்கப்பட்டால் என்ன பதில் கூறுவோம்?

ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்னொரு நூல்

உள்ளத்தின் நலம் பற்றிப் பேசுவது மேற்குலகின் புதிய நாகரிகம் என்று சிலர் எண்ணுகின்றனர். இது நம் சொந்த வரலாற்றை அறியாததால் வந்த எண்ணமாகும். இன்றைய ஆப்கானிஸ்தானில் உள்ள பல்க் பிரதேசத்தில் பிறந்து, பக்தாதில் கல்வி பயின்று, கி.பி. 934இல் வபாத்தானவர் அபூ ஸைத் அல்பல்கீ. புவியியலில் ஒரு சிந்தனைப் பள்ளியே அவரது பெயரால் அழைக்கப்படுகின்றது. அவர் உடல்களினதும் ஆன்மாக்களினதும் நலன்களைப் பற்றி 'மஸாலிஹுல் அப்தான் வல் அன்ஃபுஸ்' என்னும் நூலை எழுதினார். சூடான் நாட்டு உளவியல் பேராசிரியர் மாலிக் பத்ரி அதன் ஆன்மா பற்றிய பகுதியை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து, அது 2013இல் வெளிவந்தது.

அந்நூலின் முதற் பகுதி காற்று, நீர், வசிப்பிடம், உணவு, உறக்கம், குளிப்பு, உடற்பயிற்சி என உடலைப் பேணும் வழிகளை விளக்குகின்றது. இரண்டாம் பகுதி உள்ளத்தைப் பேணும் வழிகளை விளக்குகின்றது. உடல் நோயுற்றால் உள்ளம் தன் வேலையைச் சரிவரச் செய்யாது. உள்ளம் நோயுற்றால் உடலும் இன்பங்களை இழந்து நோயில் விழக்கூடும் என்பது அவரது அடிப்படைக் கருத்தாகும். உடல் நோய் சிலருக்குச் சில காலமே வரும். உள்ளத்தின் சஞ்சலமோ எவரையும் விட்டு வைப்பதில்லை. எனவே அதைப் பற்றி எழுதுவது இன்னும் அவசியமானது என்பது அவரது வாதம்.

உள்ளத்தைத் தாக்குபவற்றை அவர் நான்காக வகுத்தார்: கோபம், அச்சம், கவலை, ஓயாது வந்து வதைக்கும் வஸ்வாஸ் எண்ணங்கள். உடல் சுகமாக இருக்கும்போதே முதலுதவி மருந்துகளை வீட்டில் வைத்திருப்பது போல, உள்ளம் தெளிவாக இருக்கும்போதே நல்ல எண்ணங்களைத் திரட்டிச் சேமித்து வைக்க வேண்டும் என்றும் அவர் அறிவுறுத்தினார். நமது மீனவச் சகோதரர்களுக்கு இது நன்கு விளங்கும். வாடைக் காலத்தில் கடல் கொந்தளிக்கும்போது அவர்கள் கரையில் அமர்ந்து வலையைச் சீராக்குகின்றார்கள். அலை தலைக்கு மேல் எழும்பிய பின்னர் வலை தைக்க முனைபவர் எவரும் இல்லை.

கோபம் வரும்போது உடலில் என்ன நிகழ்கின்றது?

கோபமும் அச்சமும் வெறும் எண்ணங்கள் என்று நாம் கருதுகின்றோம். உண்மையில் அவை உடல் முழுவதும் பரவுகின்ற நிகழ்வுகளாகும். ஆபத்து என்று மூளை உணர்ந்ததும் அட்ரினலின் என்னும் சுரப்பு இரத்தத்தில் கலக்கின்றது. இதயம் வேகமாகத் துடிக்கின்றது, மூச்சு மேலோட்டமாகின்றது, தசைகள் இறுகுகின்றன, வயிறு தன் வேலையைக் குறைத்துக் கொள்கின்றது. ஓடித் தப்புவதற்கோ எதிர்த்து நிற்பதற்கோ அல்லாஹ் நமக்கு அளித்த பாதுகாப்பு ஏற்பாடு இது. வீதியில் பாய்ந்து வரும் வாகனத்திலிருந்து விலகுவதற்கு இது உதவும். ஆனால் நகர வாழ்வில் வாகன நெரிசலும், கடன்காரரின் அழைப்பும், வாட்ஸ்அப் குழுவின் வீண் தர்க்கமும் நாளொன்றுக்குப் பல முறை இதே மணியை அடிக்கின்றன. ஓடவும் இயலாது, எதிர்க்கவும் இயலாது. உடல் ஆயத்த நிலையிலேயே தங்கிவிடுகின்றது. அந்த உடலுடன் வீட்டுக்குள் நுழையும் வாப்பா, பிள்ளை தண்ணீரைக் கொட்டிய சிறு காரணத்துக்குக் கையை ஓங்குகின்றார்.

இதற்கு நபி (ஸல்) அவர்கள் காட்டிய மருந்தைக் கவனியுங்கள். கோபம் கொண்டவர் நின்று கொண்டிருந்தால் உட்காரட்டும், அதிலும் தணியாவிட்டால் படுத்துக் கொள்ளட்டும் என்பது அன்னாரின் வழிகாட்டல் (அபூதாவூத்). ஷைத்தானை விட்டும் அல்லாஹ்விடம் பாதுகாவல் தேடுமாறும் கற்றுத் தந்தார்கள். நாவால் ஒரு திக்ர், உடலால் ஒரு மாற்றம்! நின்றவன் அடிப்பது எளிது. அமர்ந்தவன் அடிப்பது கடினம். படுத்தவன் அடிப்பது இன்னும் கடினம். உட்காரும்போது தசை தளர்கின்றது, மூச்சு ஆழமாகின்றது. மெதுவாக வெளிவிடும் மூச்சு இதயத் துடிப்பைத் தணிக்கும் என்பதை இன்றைய மருத்துவமும் ஏற்றுக் கொள்கின்றது. மல்யுத்தத்தில் பிறரை வீழ்த்துபவரை விட, கோபத்தின்போது தன்னை அடக்குபவரே உண்மையான வீரர் என்ற நபிமொழியை (புகாரி, முஸ்லிம்) நாம் அறிவோம். அந்த வீரத்துக்கான பயிற்சி உட்காருவதிலிருந்து ஆரம்பமாகின்றது.

கவலைப்படுவது ஈமானின் குறைவா?

'தொழுகின்ற பிள்ளைக்கு என்ன கவலை? உனக்கு ஈமான் போதாது!' இந்த வார்த்தையை எத்தனை வீடுகளில் கேட்கின்றோம்! இது பெரும் அநீதியாகும். யஃகூப் (அலை) அவர்கள் அல்லாஹ்வின் நபி. மகன் யூஸுஃபைப் பிரிந்த துயரால் அன்னாரின் கண்கள் வெளுத்துப் போனதை அல்குர்ஆன் கூறுகின்றது (12:84). மூஸா (அலை) அவர்களின் தாயாரது உள்ளம் வெறுமையாகிப் போனதையும், அல்லாஹ் அதனைத் திடப்படுத்தியதையும் கூறுகின்றது (28:10). மகன் இப்றாஹீம் மரணித்தபோது நபி (ஸல்) அவர்களின் கண்கள் கண்ணீர் வடித்தன. கண் அழுகின்றது, உள்ளம் துக்கப்படுகின்றது, எனினும் இறைவன் பொருந்தாத எதனையும் நாவு கூறாது என அன்னார் விளக்கினார்கள் (புகாரி). அழுவதற்கும் அல்லாஹ்வைக் குறை கூறுவதற்கும் இடையிலான எல்லை அங்கே தெளிவாக வரையப்பட்டு விட்டது.

மர்யம் (அலை) அவர்களின் வரலாறு இன்னும் ஆழமானது. பிரசவ வேதனையில், தனிமையில், ஊராரின் பழிச்சொல்லை எண்ணி, இதற்கு முன்னரே இறந்திருக்கலாகாதா என்று ஏங்கும் அளவுக்கு அன்னை துயருற்றார்கள். அப்போது அவர்களுக்கு வந்த ஆறுதல் எது? கவலைப்படாதீர் என்ற சொல்லுடன், காலடியில் ஓடும் நீரும், பேரீச்ச மரத்தை உலுக்கினால் விழும் கனியும் காட்டப்பட்டன. உண்ணுமாறும் பருகுமாறும் கண்குளிர்ந்திருக்குமாறும் கூறப்பட்டது (19:23-26). ஊர் மக்களை எதிர்கொள்வது அதன் பின்னரே வந்தது. துயரில் இருப்பவரின் உடலை முதலில் கவனிக்க வேண்டும் என்ற பாடத்தை இதிலிருந்து நாம் பெறுகின்றோம்.

இந்த மாவட்டத்தின் மக்களுக்குத் துயரம் அந்நியமானதல்ல. 2004 டிசம்பர் 26இல் கடல் ஊருக்குள் புகுந்தது. கிண்ணியாவின் வைத்தியசாலையும் சிதைந்தது. 2006 ஆகஸ்டில் மூதூர் மக்கள் பல்லாயிரக்கணக்கில் வீடு வாசலை விட்டு வெளியேறினர். 2020 ஏப்ரல் முதல் 2021 பெப்ரவரி வரை, கொவிட் தொற்றில் இறந்த நமது ஜனாஸாக்கள் எரிக்கப்படுவதை நாடெங்கும் நாம் கண்ணீருடன் பார்த்திருந்தோம். 2024 ஜூலையில் அரசாங்கம் அதற்காக மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது. 2021 நவம்பர் 23இல் குறிஞ்சாக்கேணிப் படகுப் பாதை கவிழ்ந்து பாடசாலைச் சிறார்கள் ஷஹீதாயினர். இவற்றை எல்லாம் நாம் 'ஸப்ர்' என்ற ஒரு சொல்லில் மூடி வைத்து விட்டோம். ஸப்ர் என்பது வாயை மூடுவதன்று. அல்லாஹ்வின் மீதான நம்பிக்கையைக் கைவிடாமல் துயரைச் சுமப்பதாகும். சுமப்பவர் இளைப்பாறவும், சுமையை ஒருவருடன் பகிரவும் மார்க்கத்தில் தடை எதுவுமில்லை.

அல்பல்கீ கவலையை இரண்டாகப் பிரித்ததை இங்கு நினைவு கூர வேண்டும். ஒன்று, காரணம் தெரிந்த கவலை: இழப்பு, தோல்வி, பிரிவு போன்றவை. அதற்கு நல்ல சிந்தனையும் நல்லோரின் பேச்சும் மருந்தாகும். மற்றொன்று, காரணம் தெரியாமல் உள்ளத்தை அழுத்தும் கவலை. அதன் மூலம் உடலில் இருப்பதால் அதற்கு உடல் மருத்துவமும் தேவை என்று அவர் எழுதினார். இரண்டாம் வகைக் கவலையில் வீழ்ந்த பிள்ளையிடம் உபதேசத்தை மட்டும் கொட்டுவது, காய்ச்சலில் கிடப்பவனிடம் எழுந்து ஓடு என்று கட்டளையிடுவதற்கு ஒப்பானது.

தொழுகை: உடலும் உள்ளமும் சந்திக்கும் இடம்

ஒருவர் பள்ளிவாசலுக்கு வந்து அவசரமாகத் தொழுது முடித்தார். நபி (ஸல்) அவர்கள் அவரைத் திரும்பிச் சென்று தொழுமாறு பணித்தார்கள். நீர் தொழவில்லை என்றார்கள். இவ்வாறு மூன்று முறை நிகழ்ந்தது. பின்னர் ருகூஉவில் உடல் அமைதி பெறும் வரையும், நிமிர்ந்து நேராகும் வரையும், ஸுஜூதில் அமைதி பெறும் வரையும் தாமதிக்க வேண்டும் எனக் கற்றுக் கொடுத்தார்கள் (புகாரி, முஸ்லிம்). இதனையே நாம் 'துமஃனீனத்' என்கின்றோம். ஒவ்வொரு மூட்டும் தன் இடத்தில் வந்து தங்குவதே அதன் கருத்தாகும். அல்லாஹ்வை நினைவு கூர்வதால் உள்ளங்கள் அமைதி பெறும் என்ற வசனத்திலும் (13:28) இதே வேரிலிருந்து பிறந்த சொல்தான் வந்துள்ளது. உடலின் அமைதிக்கும் உள்ளத்தின் அமைதிக்கும் அரபு மொழியில் ஒரே வேர்!

ஆகவே நாளொன்றுக்கு ஐந்து முறை அல்லாஹ் நம்மை ஓட்டத்திலிருந்து இறக்கி, நிற்க வைத்து, குனிய வைத்து, நெற்றியைத் தரையில் வைக்கச் செய்கின்றான். புயல் வீசும் கடலிலிருந்து வரும் கப்பலுக்கு நமது திருகோணமலைத் துறைமுகம் அடைக்கலம் தருவது போல, நாளின் அலைகளுக்கு நடுவே ஐந்து அடைக்கலங்கள். துறைமுகத்துக்குள் வந்தும் நங்கூரமிடாமல் திரும்பி ஓடினால் அந்தக் கப்பலுக்கு என்ன பயன்? வுழூச் செய்யும்போது நீரின் குளிர்ச்சியை உணருங்கள். ஸுஜூதில் அவசரப்படாதீர்கள். ஸலாம் கொடுத்தவுடன் சட்டைப்பைக்குக் கையை நீட்டாதீர்கள். தஸ்பீஹை விரல்களில் எண்ணுங்கள்.

உறக்கம், உணவு, நடை

உறக்கத்தை இளைப்பாறலாக ஆக்கியதாக அல்லாஹ் கூறுகின்றான் (78:9). இஷாவுக்கு முன் உறங்குவதையும், இஷாவுக்குப் பின் தேவையற்ற பேச்சில் ஈடுபடுவதையும் நபி (ஸல்) அவர்கள் விரும்பவில்லை (புகாரி). பதின்ம வயதினருக்கு 8 முதல் 10 மணி நேர உறக்கம் தேவை என்று உறக்கவியல் மருத்துவர்கள் கூறுகின்றனர். திரையின் ஒளி, உறக்கத்தைத் தூண்டும் மெலடோனின் சுரப்பைத் தாமதப்படுத்துகின்றது. உறங்கியவரின் பிடரியில் ஷைத்தான் மூன்று முடிச்சுகள் இடுவதாகவும், எழுந்து திக்ர் செய்து, வுழூச் செய்து, தொழும்போது அவை அவிழ்ந்து, அவர் உற்சாகமும் நல்ல உள்ளமும் கொண்டவராகக் காலையை அடைவதாகவும் ஹதீஸ் கூறுகின்றது (புகாரி). இரவு சீராக அமைந்தால்தான் ஸுபஹ் சீராகும். ஸுபஹ் சீரானால் நாள் சீராகும்.

உணவில், வயிற்றின் மூன்றிலொரு பங்கு உணவுக்கும், ஒரு பங்கு நீருக்கும், ஒரு பங்கு மூச்சுக்கும் என்ற அளவுகோலை (திர்மிதி) நாம் அறிவோம். தொலைபேசியைப் பார்த்துக் கொண்டே உண்பவருக்கு அந்த அளவு புலப்படாது. குடும்பத்துடன் ஒரே ஸஹனில் அமர்ந்து உண்ட நமது வழக்கம், பசியையும் உறவையும் ஒருங்கே கவனித்தது.

நடையை மறவாதீர்கள். வயது வந்தோர் வாரத்துக்கு 150 நிமிடங்களேனும், சிறுவர்கள் நாளுக்குச் சராசரியாக 60 நிமிடங்களும் உடலை இயக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டுப் பரிந்துரையாகும். நமக்கு அல்லாஹ் கடற்கரையைத் தந்துள்ளான். ஸுபஹ் தொழுகைக்குப் பின் அரை மணி நேரம், வாரத்தில் ஐந்து நாட்கள், வாப்பாவும் மகனும் மணலில் நடந்தால் 150 நிமிடங்கள் நிறைவடையும்; அவர்களுக்கிடையில் அறுந்த பேச்சும் மீண்டும் தொடரும். பெண் பிள்ளைகளுக்கும் உம்மாவுடன் நடப்பதற்கு ஒழுக்கம் பேணிய வழியை வீட்டார் ஏற்படுத்திக் கொடுங்கள். அவர்களுக்கும் உடல் உண்டு; அதற்கும் உரிமை உண்டு.

பெற்றோர்களுக்கு

அனஸ் (ரழி) அவர்கள் சிறு வயதில் பத்து ஆண்டுகள் நபி (ஸல்) அவர்களுக்குப் பணிவிடை செய்தார்கள். அக்காலத்தில் 'சீ' என்ற ஒரு சொல்லைக் கூட அன்னாரிடமிருந்து கேட்டதில்லை எனச் சாட்சியம் கூறினார்கள். பத்துப் பிள்ளைகள் இருந்தும் எவரையும் முத்தமிட்டதில்லை என்று பெருமையாகக் கூறியவரிடம், இரக்கம் காட்டாதவருக்கு இரக்கம் காட்டப்படாது என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்தார்கள் (புகாரி). க.பொ.த. பெறுபேறு வந்த நாளில் உங்கள் பிள்ளை முதலில் தேடுவது உங்கள் முகத்தைத்தான். அந்த முகத்தில் அவன் காண்பது என்ன என்பதை முன்கூட்டியே தீர்மானித்துக் கொள்ளுங்கள்.

பிள்ளை வாரக்கணக்கில் உறங்காமல் இருத்தல், உண்ண மறுத்தல், நண்பர்களை விட்டு ஒதுங்குதல், வுழூவையும் தொழுகையையும் சந்தேகத்தால் மீண்டும் மீண்டும் செய்தல், வாழ்வதில் பயனில்லை என்று பேசுதல் ஆகியன தென்பட்டால் தாமதிக்காதீர்கள். குறிப்பாகக் கடைசி அறிகுறி தென்பட்டால் அவனைத் தனிமையில் விடாதீர்கள். அன்றே உதவி நாடுங்கள். ஜின் என்றும் சூனியம் என்றும் அச்சுறுத்திப் பணம் பறிப்போரிடம் செல்லாதீர்கள். குர்ஆன் ஓதிப் பார்ப்பது சுன்னத்; அத்துடன் மருத்துவம் செய்வதும் சுன்னத். மருத்துவம் செய்யலாமா எனக் கேட்ட கிராமவாசிகளுக்கு, செய்யுங்கள் என்றே நபி (ஸல்) அவர்கள் விடையளித்தார்கள் (அபூதாவூத், திர்மிதி). 1284இல் கெய்ரோவில் சுல்தான் கலாவூன் கட்டிய மருத்துவமனையில் உளநோயாளருக்கெனத் தனிப் பிரிவு இருந்தது. நமது நாட்டின் அரச வைத்தியசாலைகளில் உளநலச் சிகிச்சை இலவசமாகவே கிடைக்கின்றது. பிரதேச செயலகங்களில் உளவளத்துணை உத்தியோகத்தர்கள் உள்ளனர். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு அழைத்தும் பேசலாம். உடைந்த எலும்புக்கு வைத்தியரிடம் செல்வதில் வெட்கமில்லை எனில், உடைந்த உள்ளத்துக்குச் செல்வதில் மட்டும் வெட்கம் ஏன்?

அன்பின் இளைஞர்களே! இன்றிரவு இஷாவுக்குப் பின் தொலைபேசியைப் படுக்கையறைக்கு வெளியே வைத்து விடுங்கள். நாளை ஒரு தொழுகையையேனும் முழுமையான துமஃனீனத்துடன் தொழுது பாருங்கள். கோபம் வந்தால் உட்காருங்கள். கவலை வந்தால் நம்பத்தகுந்த ஒருவரிடம் கூறுங்கள். செயல்களில் அல்லாஹ்வுக்கு மிக விருப்பமானது, குறைவாயினும் தொடர்ந்து செய்யப்படுவதே என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

வல்ல ரஹ்மான் நமது உள்ளங்களுக்கு அமைதியையும், உடல்களுக்கு ஆரோக்கியத்தையும், வீடுகளுக்கு அன்பையும் தந்தருள்வானாக! இந்த மண்ணில் அலையிலும் யுத்தத்திலும் நோயிலும் நாம் இழந்தவர்களுக்கு ஜன்னத்துல் ஃபிர்தௌஸை வழங்குவானாக! நாம் அமானிதமாகப் பெற்ற உடலையும் உள்ளத்தையும் பேணி, அவற்றை அவனிடமே நலமாக ஒப்படைக்க நம் அனைவருக்கும் தௌஃபீக் செய்வானாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.